டாங்க் 1990

திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் டிவி கேம் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். பெட்டிக்குப் பெயர் டிவி கேம், அதன் தலையில் செருகுவது கேசட். நிண்டெண்டோ, ஃபேமிகாம் என்ற பெயர்களெல்லாம் எனக்குத் தெரியவந்தது கல்லூரியில் இணையம் கிடைத்த பிறகு. கேசட்டின் முகப்பில் '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். ஒரு கோடை விடுமுறையில் நானும் அந்த வீட்டுப் பையனும் உட்கார்ந்து எல்லா விளையாட்டின் பெயரையும் நோட்டில் எழுத ஆரம்பித்தோம். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் குட்டு உடைந்துவிட்டது. அதே மாரியோ, அதே கான்ட்ரா, வேறு வேறு பெயர்களில். ஒன்று மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னொன்றில் உயிர் அதிகம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் நட்பை இரண்டு நாளைக்கு முறித்ததும் அப்படி ஒரு விளையாட்டுதான். அவனிடம் இருந்த கேசட்டில் 'பேட்டில் சிட்டி'. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடையிலிருந்து நாள் வாடகைக்கு எடுத்துவந்த கேசட்டில் 'டாங்க் 1990'. இரண்டிலும் மேலிருந்து பார்க்கிற கோணத்தில் ஒரு டாங்கி, செங்கல் சுவர்கள், அடியில் நடுவாக நாம் காக்க வேண்டிய கழுகு.

"இது பார்ட் டூடா," என்றான் அவன். "கப்பல் மாதிரி ஒண்ணு வருது பாரு, எடுத்தா தண்ணியிலயே போலாம்."

"பார்ட் டூவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதே கேமுக்குப் பேர மாத்திருக்கான்."

"போடா, டாங்கியப் பத்தி எனக்கே சொல்றியா?"

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவன் அப்பாவுக்கு ஆவடி ஹெச்.வி.எஃப்பில் வேலை. கனரக வாகனத் தொழிற்சாலை என்று பலகையில் எழுதியிருக்கும், யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. டாங்கி ஃபேக்டரி, அல்லது வெறும் ஃபேக்டரி. பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரை எந்தத் தெருவில் நின்று கேட்டாலும், அங்கே வேலை பார்க்கும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ எதிர்வீட்டுக்காரரோ அன்றைக்கு இருப்பார்.

அந்தச் சண்டை எனக்குள் முடியவேயில்லை. ஒரு காரணம், எனக்குச் சோறு போடும் தொழிலே அதுதான். ஓர் இயந்திரத்துக்காக எழுதிய நிரலை இன்னொரு இயந்திரத்தில் ஓடும்படி மாற்றியெழுதுவதை நாங்கள் 'போர்ட்' என்போம். நிரல் செய்யும் வேலை அதேதான், அது ஓடும் இடம்தான் வேறு. முன்னது விட்ட இடத்திலிருந்து கிளம்பி வேறொன்றைச் செய்வது 'சீக்வல்'. சொல்லும்போது சுலபம். ஆனால் பத்து வருடமாக நான் இருந்த ஒவ்வொரு திட்டத்திலும் பழைய நிரலைப் புதிய சர்வருக்கு நகர்த்திவிட்டு, மேலே '2.0' என்று எழுதி, கேக் வெட்டியிருக்கிறோம்.

பேட்டில் சிட்டியின் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏனென்றால் எங்கள் இருவருக்கும் அன்று தெரியாத ஒன்று உண்டு. நாங்கள் அசல் என்று நம்பிக்கொண்டிருந்ததே அசல் இல்லை.

1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 'டாங்க் பட்டாலியன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெட்டிக்கானது. பேக்மேனும் அதே ஆண்டு, அதே நிறுவனம். அதனால் டாங்க் பட்டாலியனை உலகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. செங்கல் சந்துகள், எதிரி டாங்கிகள், கழுகு எல்லாம் அதிலேயே வந்துவிட்டன. 1984இல் அதை எம்எஸ்எக்ஸ் என்ற வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அது போர்ட். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்க வழியில்லை. ஓடும் இயந்திரம் மாறியது, விளையாட்டு மாறவில்லை.

அடுத்த ஆண்டு, 1985இல், நிண்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு நாம்கோ எழுதியதுதான் பேட்டில் சிட்டி. கழுகும் செங்கலும் அப்படியே இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர் இதையும் போர்ட் என்றுதான் சொல்வார். ஆடிப் பார்த்தால் தெரியும். செங்கலோடு இரும்புச் சுவர், தண்ணீர், பனிக்கட்டி, மறைத்துக்கொள்ளும் காடு என நிலம் ஐந்து வகையானது. நட்சத்திரம் எடுத்தால் வண்டியின் பலம் ஏறும், மூன்று நட்சத்திரத்தில் இரும்பையும் உடைக்கலாம். 35 கட்டங்கள். நாமே சுவர் வைத்துக் களம் கட்டிக்கொள்ள ஒரு 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' பகுதியும் உண்டு. அதில் பாதி நாள் உழைத்துக் கோட்டை கட்டுவோம், கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட முடிந்தது. சேர்த்தது ஒரு வண்டிதான், ஆனால் ஆட்டமே வேறாகிவிட்டது. ஒருவன் கழுகைக் காக்க நிற்க வேண்டும், மற்றவன் முன்னால் போக வேண்டும். யார் நிற்பது? நட்சத்திரத்தை யார் எடுப்பது? என் குண்டு உன் மேல் பட்டால் நீ சில நொடி அசைய முடியாமல் நிற்பாய், அது தவறிப் பட்டதா, வேண்டுமென்றே சுட்டதா? தனியாக ஆடும் டாங்க் பட்டாலியனில் இந்தக் கேள்விகள் எதுவும் எழ வாய்ப்பே இல்லை. பெயரில் '2' என்று இல்லாவிட்டாலும் பேட்டில் சிட்டியை நான் சீக்வல் என்றே சொல்வேன். இத்தனையும் அடங்கியது 24 கிலோபைட்டில். உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் காலையில் வரும் ரோஜாப்பூ படம் இதைவிடப் பெரியது.

பெயரில் '2' இருந்தும் சீக்வல் ஆகாதவை நிறைய. நிண்டெண்டோவே செய்திருக்கிறது. 1986இல் ஜப்பானில் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2', முதல் விளையாட்டின் அதே உடம்பில் கொடூரமான கட்டங்களை அடுக்கியது. அமெரிக்கர்களுக்கு இது ஆகாது என்று அங்கே அதை வெளியிடவில்லை. பதிலாக, 'டோகி டோகி பேனிக்' என்ற, மாரியோவுக்குச் சம்பந்தமே இல்லாத 1987ஆம் ஆண்டு விளையாட்டில் முகங்களை மாற்றி, 1988இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' என்று விற்றார்கள். அதே '9999 இன் 1' வித்தைதான், கம்பெனியே செய்தால் அதற்கு மரியாதை. அண்மைக் காலத்தில் 'ஓவர்வாட்ச் 2'. 2022 அக்டோபரில் வந்தது, 2016இன் முதல் ஓவர்வாட்ச் சர்வரை மூடிவிட்டு அதன் இடத்திலேயே உட்கார்ந்தது. புதிது என்று சொல்லிக்கொள்ள அதற்கிருந்த பெரிய காரணம், வரப்போவதாக அறிவித்த கதைப் பகுதி. அதன் பெரும்பகுதியை 2023இல் கைவிட்டார்கள்.

அப்படியானால் டாங்க் 1990? அது பேட்டில் சிட்டியின் மேல் கள்ளத்தனமாக ஒட்டுப்போட்டது. ஒட்டுப்போட்டவர்களிடம் நாம்கோவின் மூலநிரல் இருந்திருக்காது. கேசட்டில் இருக்கும் பைட்டுகளைப் படித்து, எது எங்கே போகிறது என்று ஊகித்து, இடம் கண்டுபிடித்துச் சொருகியிருப்பார்கள். ஒரு முறையாவது ஆவணம் இல்லாத பழைய நிரலோடு மல்லுக்கட்டியவருக்கு இதன் சிரமம் புரியும். இன்னொன்றையும் இருபத்தைந்து வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். அவன் சொன்ன கப்பல் சின்ன விஷயம் இல்லை. பேட்டில் சிட்டியில் தண்ணீர் என்றால் தடை. குண்டு தாண்டும், வண்டி தாண்டாது. அந்த விதியைத்தான் அவர்கள் தொட்டார்கள். பெயரை மட்டும் மாற்றியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டைக்கு வயது அதிகம். தொல்காப்பியத்தின் மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூலில் நான்கு வகை: முதல்நூலைச் சுருக்கித் தொகுப்பது, விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, மொழிபெயர்ப்பது. பின்னால் வந்த நன்னூல் சார்புநூல் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது. மொழிபெயர்ப்புக்கும், அதாவது எங்கள் பாஷையில் போர்ட்டுக்கும், இந்தப் பட்டியலில் இடமிருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கம்பராமாயணத்தை வழிநூல் என்று சொல்வதில் கம்பருக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. கோசல நாட்டில் காவிரிப் படுகையின் வயலும் மீனும் எருமையும் வந்து நிற்பது, புது இயந்திரத்தில் ஓடவைக்கச் செய்த திருத்தம். மணிமேகலை இன்னொரு சங்கதி. சிலப்பதிகாரம் முடிந்த இடத்தில், மாதவியின் மகளோடு, வேறொரு புலவர், பௌத்த சமயத்துக்குள் கதையைக் கொண்டுபோகிறார். இது சீக்வல். தமிழில் இரண்டுக்கும் நல்ல உதாரணம் இருக்கிறது, இரண்டையும் நாம் காப்பியம் என்றுதான் சொல்கிறோம்.

இந்த அளவுகோலை ஆவடிக்கு எடுத்துப்போனால் என்ன ஆகும் என்பதுதான் இத்தனை நேரமும் என் மனதில் இருந்த கேள்வி. பேட்டில் சிட்டி ஆடிய எங்கள் தெருவிலிருந்து நிஜ டாங்கி செய்கிற இடம் சைக்கிள் தூரம். அங்கே அறுபது வருடமாக ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பெயரில் டாங்கிகள் வந்துகொண்டிருக்கின்றன. விஜயந்தா, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். எது பார்ட் டூ? எது பேரை மாற்றியது?

1955இல் காங்கிரஸ் ஆவடியில் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. ஊர்ப்பெயர் இந்திய வரலாற்றுப் புத்தகத்தில் ஏறியது அப்போதுதான். ஆறு வருடம் கழித்து, 1961இல், பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு இந்திய அரசு ஒப்பந்தம் போட்டது. அதற்காகவே இங்கே தொழிற்சாலை எழுந்தது. 1963இல் மாதிரி வண்டி பிரிட்டனில் தயார். 1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. 105 மில்லிமீட்டர் பீரங்கி, லேலண்ட் எஞ்சின்.

பார்த்தவுடன் போர்ட் என்று தோன்றும். ஆனால் விக்கர்ஸ் ஏற்கெனவே பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்து வைத்திருந்த வண்டி இல்லை இது. பிரிட்டிஷ் ராணுவம் இதை வாங்கவேயில்லை. எடை குறைவாக, விலை குறைவாக, இந்தியாவின் தேவைக்கென்றே வரைந்தது. பீரங்கி அவர்களுடைய செஞ்சுரியன் டாங்கியில் இருந்த வகை, எஞ்சின் சீஃப்டன் டாங்கியின் எஞ்சின் வகை. எழுதியவர் வெளியூர்க்காரர், எழுதச் சொன்னது நாம், அச்சிட்டது ஆவடி. அசல் பிரதியே நமக்காகத்தான் எழுதப்பட்டது என்னும்போது, போர்ட் என்ற சொல் அதன்மேல் சரியாக உட்காரவில்லை.

1980களில் விஜயந்தாவின் காலம் முடிந்தபோது வந்தது சோவியத்தின் டி-72. ஆவடியில் உரிமம் பெற்றுச் செய்த டி-72எம்1க்கு அஜேயா என்று பெயர். இது கலப்படமில்லாத போர்ட், சொல்ல அதிகம் இல்லை. ஆனால் விதிகள் மாறின. விஜயந்தாவில் நான்கு பேர் உட்காருவார்கள், ஒருவருடைய வேலை பீரங்கியில் குண்டு போடுவது. டி-72இல் அந்த வேலையை இயந்திரம் செய்தது, ஆள் மூன்றுதான். 125 மில்லிமீட்டர் பீரங்கி, உருவம் தாழ்ந்து, உள்ளே இடம் நெருக்கம். தொழிற்சாலை அதேதான், அங்கே எழுதப்படும் மொழி ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்கு மாறிவிட்டது.

அடுத்தது பீஷ்மா. டாங்க் 1990 இங்கேதான் வருகிறது. டி-72ஐ மேம்படுத்தி ரஷ்யர்கள் ஒரு வண்டி செய்திருந்தார்கள். அதன் பெயர் டி-72பியூ. 1991 வளைகுடாப் போரில் இராக்கின் டி-72கள் வரிசையாக எரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டது. அந்தப் பெயரை வைத்து இனி யாரிடமும் விற்க முடியாது. 1992இல் டி-72பியூ, டி-90 ஆனது.

பெயரை மட்டும் மாற்றினார்கள் என்று சொன்னால் நான் மறுபடி பத்து வயதுப் பையனாகிவிடுவேன். குறிபார்க்கும் கருவிகள், கவசம், பீரங்கிக் குழல் வழியாகவே ஏவும் ஏவுகணை என்று நிஜமான மாற்றங்கள் இருந்தன. இந்தியா வாங்கிய டி-90எஸ்ஸின் எஞ்சின் 1000 குதிரைத்திறன், அஜேயாவினுடையது 780. ஆனாலும் மூன்று பேர், 125 மில்லிமீட்டர், குண்டுகளை ஆட்களின் காலடியில் அடுக்கும் அமைப்பு என ஆட்டத்தின் விதிகள் பழையபடியே இருந்தன. நம்பர் மட்டும் 72லிருந்து 90க்கு தாவியது. சீக்வல் என்ற பெயரில் வந்த நல்ல அப்டேட் என்பது என் தீர்ப்பு.

2001 பிப்ரவரியில் இந்தியா 310 டி-90எஸ் வாங்க ஒப்பந்தம் போட்டது. 124 முழுவண்டிகளாக வரும், மீதி 186ஐ ஆவடியில் பூட்டவேண்டும். அதற்குப் பிறகு ஆவடியே சொந்தமாகச் செய்ய வேண்டும். ஆவடியில் உரிமத்தின்படி செய்த முதல் பீஷ்மாக்கள் ராணுவத்திடம் போனது 2009 ஆகஸ்டில். நடுவில் எட்டு வருடம். தொழில்நுட்ப ஆவணங்கள் ரஷ்ய மொழியில் வந்தன, அவற்றை மொழிபெயர்ப்பதிலேயே ஆண்டுகள் கரைந்தன என்று அரசுத் தணிக்கை அறிக்கை பின்னால் சொன்னது. பீரங்கிக் குழல் போன்ற முக்கியமான சிலவற்றின் நுட்பம் வராமலே இழுத்தது. ராஜஸ்தானின் வெயிலில் வண்டிக்குள் ஏறிய சூட்டை இரவுப்பார்வைக் கருவிகள் தாங்கவில்லை.

இந்த மூன்று வரிகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது. மூலநிரல் முழுசாகக் கைக்கு வரவில்லை, வந்த ஆவணம் புரியாத மொழியில், எழுதியவர் கற்பனை செய்யாத வெப்பத்தில் ஓட வேண்டும். என் தொழிலில் திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசும் மூன்று பிரச்சினைகளும் இவைதான். என்ன, எங்கள் நிரல் 46 டன் இல்லை.

அர்ஜுனுக்கு வருவோம். ஆவடியிலேயே இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சிக்கூடத்தின் வண்டி. 1974இல் அரசு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது, முதல் வண்டிகள் ராணுவத்திடம் போனது 2004இல். முப்பது வருடக் கிண்டலை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அர்ஜுனில் மறுபடி நான்கு பேர். குண்டை ஆளே போடுகிறார். 120 மில்லிமீட்டர் பீரங்கியின் குழலுக்குள் விஜயந்தாவின் குழலைப் போல வரிப்பள்ளம் உண்டு. ரஷ்ய வழியை விட்டு விஜயந்தா நின்ற இடத்திலிருந்து கதையைத் தொடர்கிற வண்டி இது. எஞ்சின் ஜெர்மனியின் எம்டியூ என்பதால் 'இது எங்கே சுதேசி' என்று கேட்பவர்கள் உண்டு. நடு எஞ்சினை வெளியே வாங்கி விளையாட்டு செய்வது எங்கள் துறையில் அன்றாட வழக்கம், அதனால் யாரும் அந்த விளையாட்டைப் போர்ட் என்று சொல்வதில்லை. ஆவடியின் நான்கில் நான் சீக்வல் என்று ஒத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

ஆனால் சீக்வலை எல்லோரும் வாங்கியாக வேண்டும் என்று சட்டம் இல்லை. 2000இல் 124 அர்ஜுன், 2010இல் இன்னொரு 124. 2021 செப்டம்பரில் அர்ஜுன் எம்கே-1ஏ என்ற திருத்திய வடிவத்தில் 118 வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர். பீஷ்மாவோ ஆயிரத்தைத் தாண்டும் கணக்கு. ராணுவத்தின் பக்க நியாயமும் புரிகிறது. எம்கே-1ஏ 68 டன். பாலம், ரயில் பெட்டி, உதிரிபாகக் கிடங்கு, பழகிய கைகள் எல்லாம் டி-72 குடும்பத்துக்காக ஏற்கெனவே அமைந்துவிட்டவை. பழைய சேவ் கோப்பு புது விளையாட்டில் திறக்காது என்றால் நாம் எத்தனை பேர் மாறுவோம்? (பாரதத்தில் பீஷ்மரை வீழ்த்தியவன் அர்ஜுனன். ஆவடியில் தீர்ப்பு வேறு. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருப்பார்களா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.)

தொழிற்சாலைக்கே பெயர் மாறிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபர் 1ஆம் தேதி பாதுகாப்புத் தளவாட வாரியத்தைக் கலைத்து, 41 தொழிற்சாலைகளை ஏழு புதிய நிறுவனங்களாகப் பிரித்தார்கள். ஹெச்.வி.எஃப் இப்போது ஏ.வி.என்.எல். என்ற நிறுவனத்தில் இருக்கிறது. வாசல் அதே வாசல், ஷிஃப்ட் அதே ஷிஃப்ட். போர்ட்டா சீக்வலா என்பதை உள்ளே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் கேட்கக்கூடிய ஒருவர் இருந்தார். நண்பனின் அப்பா ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. போன பொங்கலுக்குப் போனபோது, மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் உற்சாகமாக ஒப்பித்தேன். உள்ளே நடந்தது எதையும் அவர் அந்தக் காலத்திலும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கடைசியில நீங்க பண்ணது எல்லாம் அவங்க டிராயிங்தானே? அதைப் பாத்து அப்படியே செய்யறதுதானே?" என்றேன். கேட்ட பிறகுதான் எப்படிக் கேட்டுவிட்டேன் என்று உறைத்தது.

"டிராயிங்ல எல்லாமா போட்டிருப்பான்?" என்றார். "அவன் கைக்குத் தெரிஞ்சத அவன் எழுத மாட்டான். அது அவனுக்குச் சாதாரணம். எழுதாம விட்டத நாமதான் கண்டுபிடிக்கணும். ஒரு பாகம் முதல் தடவ சரியா வந்து உக்காந்த அன்னிக்கி, அது யார் வண்டின்னு எங்களுக்குத் தோணல."

எனக்கு டாங்க் 1990 எழுதிய பெயர் தெரியாத ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. கள்ள கேசட்டையும் அவர் வேலையையும் ஒரே வாக்கியத்தில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நண்பன் மடிக்கணினியில் எமுலேட்டரைத் திறந்து பேட்டில் சிட்டியைப் போட்டான். அங்கிளுக்கு ஒரு கன்ட்ரோலர், எனக்கு ஒன்று. கழுகைக் காக்க நான் நின்றேன். அவர் செங்கல் சந்துக்குள் போனார், எதிரே ஒரு வண்டி வந்தது, கீழ்ப்பொத்தானை அழுத்தினார். டாங்கி சட்டென்று அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரிக்கு முதுகைக் காட்டி நின்றது. குண்டு பட்டு வெடித்தது.

"என்னடா இது," என்றார், "ரிவர்ஸே வைக்கல?"